பாடும்மீனுக்கு ஒரு மைக்: வாவியில் செய்து பார்த்தது

மீன் பாடும் ஊர் என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறோம். கடைப் பெயர்ப்பலகையிலும் பள்ளிக்கூட மலரிலும் மேடைப் பேச்சிலும் மட்டக்களப்புக்கு அந்தப் பெயர்தான். ஆனால் "நீங்கள் கேட்டீர்களா?" என்று ஆளைப் பிடித்து விசாரித்தால் கதை மாறிவிடும். அப்பா கேட்டாராம். பெரியப்பா தோணியில் போனபோது கேட்டாராம். என்னிடமும் அந்தப் பதில்தான் இருந்தது. எங்கள் தலைமுறைக்குக் கேட்காமல் போனதில் யுத்தத்துக்கும் பங்குண்டு. இரவில் வாவியில் இறங்கவே கட்டுப்பாடு இருந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பறுவத்து முழுநிலவில் தோணியில் போய்ப் பாட்டுக் கேட்பதாவது!

காத்தான்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கூட்டாளியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். திறந்து கிடந்த போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "காதுக்குக் கேக்கல்லையெண்டா மைக்க இறக்கிக் கேப்பமே மச்சான்" என்றான். ஆரம்பம் அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் வாசித்தோம். வெள்ளைக்காரர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் இந்த ஒலியைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். அவருக்கு மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தையை. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பல மடங்கு பெருத்துக் கேட்டதாகவும் அவர் சொல்கிறார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் இதை ஒலிப்பதிவு செய்திருக்கிறார். கல்லடி உப்போடையில் சமாதியாகியிருக்கும் விபுலாநந்த அடிகள் தன் 'யாழ் நூ'லில் இந்த வாவியின் இசையை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், பாட்டாக்கியிருக்கிறார். மீனா, ஊரியா, நீரர மகளிரா என்ற வழக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. எங்கள் கட்சி எது என்று கேட்டால், கூட்டாளி மீன் கட்சி. நான் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தேன்.

தண்ணீருக்குள் எழும் ஒலி காற்றுக்கு வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நீர்மட்டத்தில் மோதும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே தப்பும். மிச்சம் திரும்பிக் கீழே போய்விடும். நம் ஆட்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டது இதனால்தான். மரத்துக்கு ஏறிய ஒலி காற்றைத் தொடாமல் நேரே எலும்புக்குப் போகிறது. டெனன்ட் பலகையில் காதை வைத்ததும் இதே கதைதான்.

இனிச் செய்த வேலை. விளையாட்டுச் சாமான்களில் 'பீப் பீப்' என்று சத்தம் போடும் பைசோ தகடு ஒரு தேத்தண்ணிக் காசுக்குக் கிடைக்கும். பித்தளை வட்டம், நடுவில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. அழுத்தினால் மின்சாரம் தரும். அதையே போனின் மைக் துளையில் நேராகக் கொடுத்துப் பார்த்தோம். விரலால் தட்டினால் 'டிக்' என்ற மெல்லிய சத்தம் மட்டும் வந்தது, கனமான ஒலி ஒன்றும் இல்லை. கூட்டாளி கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தத் தகடு ஏறத்தாழ 20 நனோபரட் கொள்ளளவு உடையது. போனின் மைக் உள்ளீட்டின் தடை சில ஆயிரம் ஓம்தான். இரண்டும் சேரும்போது ஆயிரத்துச் சொச்சம் ஹேர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுக்கு, கீழே உள்ளதெல்லாம் வடிந்துபோய்விடும். மீன்கள் எழுப்பும் ஒலியோ பெரும்பாலும் ஆயிரம் ஹேர்ட்ஸுக்குக் கீழேதான். அதாவது மீனை மட்டும் கவனமாக வடிகட்டி எறியும் மைக் ஒன்றைச் செய்து வைத்திருந்தோம்.

வழி, இடையில் ஒரு சின்னப் பெருக்கி வைப்பது. டிஎல் 072 சிப் ஒன்று, 1 மெகா ஓம் தடை, 9 வோல்ட் பற்றரி. உள்ளீட்டுத் தடை அந்த அளவுக்கு உயர்ந்ததும் 10 ஹேர்ட்ஸ் வரைக்கும் கேட்கிறது. ஈயம் பற்ற வைக்க நான் இந்தச் சாக்கில்தான் பழகினேன். கடை பூட்டிய பிறகு அவன் பக்கத்தில் நின்று, "வயரச் சூடாக்கு, ஈயத்தச் சூடாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கம்பி சூடேறி ஈயம் தானாக ஓடிப் படரும் அந்த ஒரு நொடிக்கு இன்னும் எனக்கு அலுப்புத் தட்டவில்லை.

அடுத்த தலையிடி இரைச்சல். பக்கத்தில் மின்குமிழ் எரிந்தாலே 50 ஹேர்ட்ஸில் 'ங்ங்' என்று ஒரு முனகல். இதற்கு அழகான ஒரு மருந்து இருக்கிறது. இரண்டு தகடுகளை எடுத்து, பீங்கான் பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு விளிம்பை ஒட்டிவிட வேண்டும். வெளியே இருக்கும் பித்தளை இரண்டும் நிலக்கம்பிக்கு. அவை இரைச்சலை மறிக்கும் கவசமாகிவிடும். தண்ணீர் வழியே வரும் ஒலியழுத்தம் இரண்டையும் உள்நோக்கி அமுக்குவதால் மின்சாரம் கூடும். கம்பி ஆடி வரும் அதிர்வோ ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வளைப்பதால் கழிபட்டுப் போகும். விளிம்பு முழுக்க அரல்டைட் பசை, அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பர், கீழே வலையில் கட்டும் ஈயக் குண்டு. முடிந்தது சாமான்.

எங்கள் வீட்டுக் கிணற்றில்தான் முதல் வெள்ளோட்டம். சொட்டுத் தண்ணீர் விழும் ஓசை தெளிவாகக் கேட்டது. பக்கத்து வளவில் மோட்டர் போட்டதும் நிலத்தின் வழியாக வந்த முனகலும் கேட்டது. ஹெட்போனுடன் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தவனைப் பார்த்து மனைவி, "கிணத்துக்குள்ள ஆருட கதைய ஒட்டுக் கேக்கிறீங்க?" என்றாள்.

தோணி வேண்டியிருந்தது. அப்படித்தான் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார். நாவலடியில் பிறந்து வளர்ந்தவர், 2004 சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் குடியிருக்கிறார். எங்களை விட இருபது வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கட அப்பாக்குக் கேக்கும். எனக்குச் சின்னனில கேட்டது. மறுகா அத ஆரும் தேடல்ல" என்றார். வாடகை பேச வாயெடுத்தால், அதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கல்லடிப் பாலத்தடிதான் பாட்டுக் கேட்கும் இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். லேடி மெனிங் பெயரில் நிற்கும் வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலமும் திறந்துவிட்டார்கள். அங்கே மைக்கை இறக்கினால் மீனுக்கு முன்னால் பஸ்தான் கேட்கிறது. ஒவ்வொரு வாகனமும் தூண் வழியாகத் தண்ணீருக்குள் ஓர் உறுமலை இறக்கிவிட்டுப் போகிறது. ஆகவே தெற்கே, காத்தான்குடிப் பக்கமாக வாவி அகலிக்கும் இடத்துக்குப் போனோம். பகலில் கச்சான் காற்று அடித்தால் அலை தோணியில் அறைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரவில் காற்று விழுந்த பிறகுதான் வேலை. பறுவ நாள் இந்த நாட்டில் போயா விடுமுறை என்பது எங்களுக்கு அரசாங்கம் செய்த உபகாரம்.

முதல் இரவு காதில் விழுந்ததை மறக்க மாட்டேன். பாட்டு அல்ல. தாச்சி நிறையக் கடுகு வெடிப்பதுபோல் இடைவிடாத ஒரு படபடப்பு. ஒலிவாங்கி பழுது என்று கூட்டாளி பெட்டியைத் திறக்கப் போய்விட்டான். பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டோம், அது ஒரு வகைச் சின்ன இறால். விரல் நீளம்கூட வராது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். அதைப் படக்கென்று மூடும்போது பாயும் நீரில் ஒரு வெற்றிடக் குமிழி உண்டாகி உடைகிறது. சத்தம் கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி உடைவதால்தான் என்பது 2000ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி ஒட்டுக் கேட்டவர்களின் காதையும் இந்த இறால்கள்தான் அடைத்தன. எங்களுடைய வாவியில் இத்தனை சத்தம் இருக்கிறது என்பதே எனக்குப் புதினம். நிலா வெளிச்சத்தில் மேலே ஒரு சலனமும் இல்லை, கீழே சந்தை.

படபடப்புக்கு அடியில் வேறு ஒலிகள் இருப்பது வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது தெரிந்தது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் ஒலியைப் படமாக விரித்துக் காட்டும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழே கனத்த ஒலி, மேலே கீச்சு. இறால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளாக நிறைந்திருந்தது. அடியில், 100க்கும் 400 ஹேர்ட்ஸுக்கும் இடையில், அடுக்கடுக்காகச் சில தடித்த புள்ளிகள். ஹெட்போனில் அவை உறுமல்கள். பல மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து இப்படி ஒலி எழுப்பும். இதை விளக்கலாம் என்று அண்ணனிடம் மடிக்கணினியைத் திருப்பினேன். அவர் உறுமலை ஒருமுறை கேட்டார். "இது கீளி. பிடிச்சுத் தோணிக்குள்ள போட்டாலும் இப்பிடித்தான் கத்தும்." இன்னொன்றைக் கேட்டு, "கெளுத்தி" என்றார். அடுத்த இரண்டு மூன்று சந்திப்புக்குள் அவர் ஹெட்போனைப் போடாமலே, திரையில் புள்ளியின் தடிப்பையும் இடைவெளியையும் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் ஒரு கொப்பி போட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அந்தக் கொப்பிதான் என்று இப்போது தோன்றுகிறது.

சித்திரைப் பறுவத்தன்று அண்ணன் தாய்க்கு விரதம் பிடித்து, கோயிலில் கஞ்சி குடித்துவிட்டு வந்தார். வழக்கமாகக் கொத்துரொட்டிப் பொதியோடு வருகிற கூட்டாளி, அதை விசாரித்து வைத்துக்கொண்டு தோடம்பழம் மட்டும் கொண்டுவந்திருந்தான். சாமம் நெருங்கும்போது படபடப்புக்கு நடுவே நீளமாக ஒரு ரீங்காரம் வந்தது. ஒன்று நிற்குமுன் இன்னொன்று, கொஞ்சம் ஏறிய சுருதியில். கூட்டாளி உடனே, "ஜெனரேற்றர் மச்சான்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதில் தவறில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சௌசலிட்டோ என்ற இடத்தில் படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் 1980களில் இரவு முழுக்க ஒரு முனகலால் தூக்கம் கெட்டு, பம்பு என்றும் இரகசிய எந்திரம் என்றும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அது பெட்டையை அழைக்கும் ஆண் மீன்களின் ஒலி என்று தெரியவந்தது. அது பசிபிக் கரை மீன், எங்களுடையது அல்ல. ஆனாலும் எதைச் சோதிக்க வேண்டும் என்று அந்தக் கதை சொல்லிக் கொடுத்தது. மின்சார இரைச்சல் என்றால் 50இன் மடங்குகளில், 100, 150 என்று ஆடாமல் நிற்கும். இது 150க்கும் 200க்கும் இடையில் நின்று மெல்ல வழுக்கியது. தோணியை நீரோட்டத்தோடு ஒழுக விட்டோம். சத்தம் தேய்ந்தது. கிறுகி அதே இடத்துக்கு வந்தோம். திரும்பவும் பெருத்தது.

"தம்பி, ஒள்ளுப்பம் பொறுங்க" என்று அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் இருவரும் அசையவில்லை. தோணி அசைந்தாலும் ஒலி கெடும். பிறகு ஹெட்போனை ஒரு காதிலும் துடுப்பை மறு காதிலுமாக வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டுதான். எங்கட அப்பா கேட்டது இதுதான்."

மீன் என்று இன்னும் எழுதவில்லை. கொப்பியில் அந்த ஒலிக்கு நேரே பெயர் இல்லாமல் இடம் விட்டிருக்கிறேன். ஊரியாக இருக்க முடியாது என்று கூட்டாளி வாதாடுகிறான். அண்ணன் இரண்டு பக்கமும் பேசி எங்களைக் கொழுவி விட்டுச் சிரிக்கிறார்.

வேலையால் வந்தால் போனைத் தடவிக்கொண்டு படுத்துக் கிடக்கிற ஆள் நான். இப்போது வாசலில் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழும்பிவிடுகிறேன். தண்ணீரென்றால் பயந்து தோணியின் நடுவை விட்டு நகராத கூட்டாளி, அண்ணன் பழக்கி, இப்போது திரும்பி வரும்போது தானே துடுப்பு வலிக்கிறான். தோணி நேராகப் போவதில்லை, அது வேறு கதை.

ஆசைகள் மட்டும் ஆளுக்கொன்று. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட இந்த வாவி முழுவதற்கும் ஓர் ஒலி வரைபடம் போட வேண்டும் என்பது என்னுடையது. பறுவ இரவில் காந்திப் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே நேரடியாகக் கேட்கச் செய்ய வேண்டும் என்பது கூட்டாளியுடையது. பேரப்பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிப்போய் முதலில் துடுப்பில் கேட்கவைத்து, பிறகுதான் ஹெட்போன் கொடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். மூன்றையும் ஒரே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

வாடை தொடங்கி மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கினால் உப்புக் குறைந்துவிடும், ஒலிகளும் மாறலாம். அதற்கு முன் இன்னும் ஒரு மைக் செய்து, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இறக்க வேண்டும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும். எந்த மைக்குக்கு முதலில் வந்தது என்று பார்த்தால், பாடுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றாவது பிடித்துவிடலாம். தகடுகள் வாங்கியாயிற்று. நீளமான கவசக் கம்பிக்கு விலை விசாரித்திருக்கிறோம். தோணி அடிப்பலகையில் ஒரு கசிவு வேறு இருக்கிறது. அதை அடைக்கும் செலவில் பாதியைக் கூட்டாளி ஏற்கெனவே என் பெயரில் எழுதிவிட்டான்.