எந்த ஆண்டின் பயம்?

நவம்பர் 3, 2024, ஞாயிறு

ஜப்பானிய சினிமாவின் ராட்சத மிருகம் காட்ஸில்லாவுக்கு இன்று 70 வயது. 1954-இல் இதே தேதியில்தான் தோஹோ நிறுவனம் முதல் படத்தை வெளியிட்டது. அதைச் சாக்காக வைத்து மறுபடி பார்த்தேன். கடலில் பேரொளி ஒன்று எழுகிறது, ஒரு கப்பல் எரிந்து மூழ்குகிறது. நமக்கு அது கதையின் தொடக்கம். அன்றைய ஜப்பானியருக்கோ எட்டு மாதங்களுக்கு முன் நாளிதழில் படித்த செய்தி. அந்த மார்ச் 1-ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. யைஸு துறைமுகத்திலிருந்து சூரை பிடிக்கப் போயிருந்த ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகில் 23 பேர். அவர்களில் வானொலிப் பணியாளர் குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். அதன்பின் ஆறு வாரம்கூட ஆகவில்லை, படம் திரைக்கு வந்துவிட்டது.

ரயிலில் ஒரு பெண் அலுத்துக்கொள்கிறாள்: நஞ்சேறிய மீன், கதிரியக்க மழை, போதாக்குறைக்கு இந்தக் காட்ஸில்லா வேறு, நாகசாகியில் பிழைத்து வந்தது இதற்குத்தானா? படத்திலேயே என்னை உலுக்கியது இந்த அலுப்புதான். நகரம் எரிவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நவம்பர் 4, திங்கள்

தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, 1933-இன் கிங் காங் படத்தில் மயங்கியவர். அதைப்போலவே பொம்மையைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுக்கத்தான் அவருக்கு ஆசை. அதற்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ரப்பர் உடைக்குள் ஆளை இறக்கினார்கள். ஹருவோ நகாஜிமா அணிந்த உடை ஏறக்குறைய 100 கிலோ. மேலே சுட்டெரிக்கும் விளக்குகள். மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் நடப்பதைப் பார்த்துப் பழகினாராம். கேமராவை வேகமாக ஓடவிட்டு, திரையில் இயல்பான வேகத்தில் காட்டினார்கள். அடியெடுத்து வைப்பது மெதுவானது, உடம்புக்கு எடை வந்தது. உறுமலைத் தந்தவர் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான டபுள் பாஸின் நரம்பை, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எழுப்பிய ஒலி அது. எந்த மிருகத்தின் தொண்டையிலிருந்தும் வராத ஒலி என்பதால்தான் இன்னும் கிலி பிடிக்கிறது.

நவம்பர் 9, சனி

அறுபதுகளை வேகமாகக் கடந்தேன். 1964-இல் மூன்று தலை மிருகம் கிடோராவை விரட்ட மோத்ரா, ரோடான் என்ற வேறு இரண்டு ராட்சதங்களுடன் கூட்டு சேர்ந்துவிடுகிறது நம் காட்ஸில்லா. 1967-இல் பிள்ளையே வந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பிடித்திருக்கும், எனக்குக் கொட்டாவி வந்தது.

1971-இன் ஹெடோரா மட்டும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆலைக் கழிவில் வளர்ந்த சேற்றுப் பூதம், புகைபோக்கியில் வாய் வைத்துப் புகையைக் குடிக்கிறது. மினமாட்டாவில் பாதரசமும் யொக்கைச்சியில் புகையும் மக்களை நோயாளிகளாக்கிக்கொண்டிருந்த காலம். காட்ஸில்லா பின்புறமாகப் பறக்கும் அபத்தமும் இதில்தான் இருக்கிறது. இருந்தும் மன்னிக்கலாம்: பூதம் அந்த ஆண்டின் காற்றிலிருந்தே வந்திருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

2016-இன் ஷின் காட்ஸில்லா. ஹிடெயாக்கி அன்னோவின் எழுத்து. ஷின்ஜி ஹிகுச்சியுடன் சேர்ந்து இயக்கம். பாதிப் படம் கூட்டங்கள்தான். மிருகம் கரையேறிவிட்டது, அமைச்சர்களோ அடுத்த கூட்டம் எந்த அறையில் என்று நடந்துகொண்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டிருந்தவன் முடிவில் அடங்கிப்போனேன். மிருகத்தை உறைய வைக்க அதன் வாயில் மருந்தைச் செலுத்துபவை நீண்ட கைகொண்ட கான்கிரீட் பம்ப் வண்டிகள். 2011-இல் ஃபுகுஷிமா அணு உலையில் தண்ணீர் ஊற்றக் கொண்டுவந்ததும் அதே வகை வண்டிகள்தான். ஜப்பானியப் பார்வையாளருக்கு இதை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

தகாஷி யமசாகியின் காட்ஸில்லா மைனஸ் ஒன், 2023. இந்த ஆண்டு மார்ச்சில் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்றது. வேலை பார்த்த கலைஞர்கள் 35 பேர்தான் என்பதை நம்புவதே கடினம். கடல் காட்சிகளில் மூச்சு முட்டியது. ஆனால் கதை போர் முடிந்த காலத்துக்கே திரும்பிப் போகிறது. தப்பிவந்த தற்கொலைப்படை விமானியின் குற்றவுணர்வு நெஞ்சைத் தொடுகிறது. அது நமக்கு முன்பே முடிவு தெரிந்த துயரம். 2023-இல் மக்கள் எதற்கு நடுங்கினார்கள் என்று படம் கேட்கவே இல்லை. நண்பருக்கு இது நொட்டை சொல்வதாகப் படுகிறது. அவர் இரண்டு முறை அழுதாராம்.

அடுத்து 1961-இன் மோத்ராவைப் பார்க்க வேண்டும். அணுச் சோதனை நடந்த தீவிலிருந்து ராட்சத அந்துப்பூச்சி டோக்கியோவுக்கு வருகிறது, நகரை அழிக்க அல்ல. வித்தை காட்டிக் காசு பார்க்க ஒருவன் கடத்திவந்த இரண்டு குட்டிப் பெண்களை மீட்க.