பாட்டி கேட்டதில் பாதி

"வீடு வேணும் தம்பி. ஆனா எங்களுக்கு ஒரு வீடு குடுக்க, அவங்களுக்கு எதுக்கு நாப்பது மாடி?"

பாட்டி கேட்டது இவ்வளவுதான். நான் மலாயில் சொன்னது அதில் பாதி: நிரந்தர வீடு கேட்கிறார். தலைவர் தலையாட்டினார். குறிப்பில் ஏறியது. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

கோலாலம்பூரில் நாற்பது மாடி கொண்டோவும் (தனியார் அடுக்குமாடி), பாட்டியைப் போன்றவர்களுக்கு நிரந்தர வீடும் ஒன்றாகக் கட்டும் திட்டத்துக்கு அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபம் கேட்ட கூட்டம் அது. அங்கே நான் மொழிபெயர்க்கப் போகவில்லை. மேம்பாட்டாளருக்கு வேலை செய்த ஆலோசனை நிறுவனத்தின் ஆளாகப் போயிருந்தேன். பாட்டியையும் மற்ற நீண்ட வீட்டுக்காரர்களையும், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பில் இருந்தவர்களை, வேனில் ஏற்றி வந்ததும் எங்கள் தரப்புதான். தமிழ் தெரியும் என்பதால் என்னை எழுந்து சொல்லச் சொன்னார்கள்.

ஏன் விட்டேன்? எதிரே பங்களாக்காரர்கள், வழக்கறிஞரோடும் சொந்தச் செலவில் எடுத்த போக்குவரத்து ஆய்வோடும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டியின் கேள்வி அவர்கள் கைக்குப் போனால் திட்டம் நின்றுவிடும், கூடவே வீடும் போய்விடும் என்று பயந்தேன். தோட்டம் போய், லயம் போய், தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த நீண்ட வீட்டில் பேரப்பிள்ளைகளும் பிறந்து வளர்ந்துவிட்ட குடும்பம் அது. அவருக்கு நல்லது நினைத்துத்தான் செய்தேன். இதைப் பொய் என்று இன்றும் என்னால் தள்ள முடியவில்லை.

ஆனால், அப்புறம் அறிக்கை எழுதியதும் நான்தான். 'நீண்ட வீட்டு மக்கள் திட்டத்தை ஆதரிக்கின்றனர்.' பாட்டி எதைக் கேள்வி கேட்டாரோ, அதற்கே அவரைச் சாட்சியாக்கி வைத்தேன்.

1970-ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகளில் 7-ஆவது விதி, ஓர் இடத்தில் குடியிருப்பு அடர்த்தியைக் கூட்டும்போது பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்கச் சொன்னது. கிராண்டில், அதாவது நிலப்பட்டாவில், பெயர் உள்ளவருக்கு அது உரிமை. பங்களாக்காரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள், அதில் தவறே இல்லை. பாட்டி பேசியது தலைவரின் தயவில். சரி, ஓட்டுப் போட்டாவது கேட்கலாமா? மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, 1976-இல் சட்டப்படியே இல்லாமல் போனது. கோலாலம்பூர் மேயரும் நியமிக்கப்படுபவர்தான். கிராண்டும் பணமும் இல்லாதவர் அந்த அறைக்குள் வர, பணம் உள்ளவரின் வேன்தான் வழியாக இருந்தது.

கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்காவில் கட்டக் கொடுத்த மேம்பாட்டு அனுமதி ரத்தானதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தபோது மகிழ்ந்தேன். பூங்கா தப்பியது. ஆனால் அங்கும் நீண்ட வீடுகள் உண்டு. புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து 1980-களில் பெயர்க்கப்பட்ட நம் மக்கள், நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள். வீடு வேண்டுமென்றால் கொண்டோவும் வரட்டும், கொண்டோ வேண்டாமென்றால் வீடும் இல்லை என்ற முடிச்சு அங்கும் விழுந்திருந்தது. அன்றைக்கு இரவு பாட்டியின் குரல்தான் காதில் நின்றது. வீடு வேறு, நாற்பது மாடி வேறு என்று எங்கள் கூட்டத்தில் பிரித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். படித்து, அதையே தொழிலாகச் செய்த எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா? சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கூட்டம் முடிந்து வேனில் ஏறும்போது பாட்டி என் கையைப் பிடித்தார்.

"நான் கேட்டதுக்கு என்ன சொன்னாங்க தம்பி?"

"எழுதிக்கிட்டாங்க பாட்டி" என்றேன்.