சுட்ட விரலும் 1.25 வோல்ட்டும்

போன வாரம் விரலைச் சுட்டுக்கொண்டேன். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்க ஒரு 7805 (5 வோல்ட் கொடுக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் ஐசி) வைத்திருந்தேன், ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகத் துண்டு எதுவும் மாட்டாமல், அரை ஆம்பியர்தானே என்ற அலட்சியத்தில். அரை ஆம்பியர்தான், ஆனால் மீதி 7 வோல்ட் எங்கே போகும்? ஏழில் பாதி, மூன்றரை வாட், அத்தனையும் அந்த நகம் அளவுத் துண்டுக்குள்ளேயே சூடாக இறங்குகிறது. தொடக்கூடாது என்று தெரியும். தெரிந்தே தொட்டேன், ஏனென்றால் சூடாகிவிட்டதா என்று பார்க்க விரலைவிட வேகமான கருவி என்னிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் விரல்தான் கொப்பளித்தது, அந்த ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடு எல்லை தாண்டியதும் தானாக அடங்கி, ஆறியதும் தானாக எழுந்து, மறுபடி 5 வோல்ட் கொடுத்தது. அதுவும் 5.1 இல்லை, 4.8 இல்லை, மீட்டரில் 4.98. கொதிக்கும்போதும் 4.98-க்குப் பக்கத்தில், ஆறிய பிறகும் 4.98-க்குப் பக்கத்தில். சிலிக்கானில் இருக்கும் எல்லாமே சூட்டில் மாறும் என்றுதானே படித்தோம்? அப்படியென்றால் உள்ளே எதைப் பார்த்து அது "5 இதுதான்" என்று முடிவு செய்கிறது?

ரெகுலேட்டர் என்ற யோசனையே கடினமில்லை. வெளியே வரும் வோல்டேஜில் ஒரு பங்கை எடு, உள்ளே இருக்கும் ஒரு மாறாத வோல்டேஜோடு ஒப்பிடு, குறைந்தால் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திற, கூடினால் கொஞ்சம் மூடு. நெகட்டிவ் ஃபீட்பேக். ஹெரால்ட் பிளாக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1927 ஆகஸ்டில் வேலைக்குப் போகும் வழியில், படகில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும்போது, கையில் இருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே கிறுக்கி வைத்த யோசனை அது. அவர் யோசித்தது டெலிபோன் ஆம்பிளிஃபயருக்காக. காப்புரிமை கைக்கு வர 1937 ஆகிவிட்டது. இன்று ஒழுங்காக வோல்டேஜ் கொடுக்கும் எந்தச் சர்க்யூட்டைப் பிரித்தாலும் அந்தக் கிறுக்கல் உள்ளே இருக்கும்.

ஆனால் ஒப்பிட ஒரு மாறாத வோல்டேஜ் வேண்டுமே, அங்கேதான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அளவுகோலே வெயிலில் நீண்டால் எதை வைத்துத் துணியை அளப்பது?

முதலில் கைகொடுத்தது ஜீனர் டையோடு. தலைகீழாக மாட்டினால் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில் கரண்ட்டை விட ஆரம்பித்து, அதற்கு மேல் வோல்டேஜை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிளாரன்ஸ் ஜீனர் 1934-ல் இந்த மாதிரி மின் உடைவுக்கு ஒரு விளக்கம் எழுதினார், பெயர் அவருடையதாகிவிட்டது. இதில் ஒரு சின்னக் கூத்து உண்டு: அவர் சொன்ன விளைவு பெரிதாக வேலை செய்வது சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழேதான், அதற்கு மேலே நடப்பது அவலாஞ்ச் என்ற வேறொரு விளைவு, ஆனாலும் 12 வோல்ட் டையோடையும் நாம் ஜீனர் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். ஒன்று சூடு ஏறினால் வோல்டேஜைக் குறைக்கும், மற்றது கூட்டும். இரண்டும் சந்திக்கும் 5.6 வோல்ட் பக்கம் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துக்கொண்டு சமமாகிவிடும். அதனால்தான் பழைய சர்க்யூட்களில் 5.6 ஜீனரை இத்தனை இடங்களில் பார்க்கிறோம்.

இந்த "ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்" விஷயத்தை நினைவில் வையுங்கள்.

இப்போது கரண்ட்டுக்கு வருகிறேன். வோல்டேஜைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு, கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேச ஆளே கிடையாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். நான் ஆரம்பத்தில் ஒரு வெள்ளை எல்இடி வரிசையை நேராக ஒரு நல்ல ரெகுலேட்டரில் மாட்டினேன். வோல்டேஜ் கல்லு மாதிரி நின்றது, நான் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஆனால் எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறையும், நாம் கொடுப்பது குறையவில்லை, அதனால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடு, இன்னும் கரண்ட். பத்து நிமிடத்தில் ஒன்று நீலமாகி அணைந்தது, அடுத்தடுத்து மற்றவையும். வோல்டேஜ் மட்டும் கடைசிவரை மாறவே இல்லை!

டிரான்சிஸ்டரிலும் இதே குணம்தான், ஆனால் இன்னும் சுத்தமாக. அதைத் திறந்து மூடுவது பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு இடையிலான வோல்டேஜ்; அந்தப் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் பத்து மடங்காகிவிடும். 60 மில்லிவோல்ட் என்பது ஒன்றுமேயில்லை, ஒரு மோசமான கம்பி இணைப்பிலேயே அவ்வளவு விழும். இப்படிப்பட்ட முரட்டுச் சாமானை வைத்துக்கொண்டு ஒரு ஐசிக்குள் துல்லியமான சின்னக் கரண்ட்களை எப்படி உண்டாக்குவது?

ஐசி வடிவமைப்பாளர் பாப் வைட்லர் 1965 வாக்கில் கண்டுபிடித்த பதில் எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கும். ஒரே சிலிக்கான் சில்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஒன்றில் 1 மில்லி ஆம்பியர் ஓடவிட்டு பேஸ்களை இணைத்தால் மற்றதிலும் 1 மில்லி ஆம்பியர் ஓடும். இதுதான் கரண்ட் மிரர். வைட்லர் செய்தது, இரண்டாவதின் எமிட்டரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகியது, அவ்வளவே. அதில் 120 மில்லிவோல்ட் விழுந்தால் கரண்ட் நூறில் ஒரு பங்காகிவிடும். 1 மில்லியிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்க 12 கிலோ ஓம் போதும். அதே 10 மைக்ரோவை 30 வோல்ட் சப்ளையிலிருந்து வெறும் ரெசிஸ்டர் போட்டு எடுக்கப் பார்த்தால் ஏறக்குறைய 3 மெகா ஓம் வேண்டும். சில்லில் ரெசிஸ்டர் என்பது இடத்தை விழுங்கும் பொருள், 3 மெகா ஓம் எல்லாம் அந்தக் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாது. நாம் கரித்துக்கொட்டிய அந்த 60 மில்லிவோல்ட் முரட்டுக் குணத்தையே அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

மிரரை இன்னும் துல்லியமாக்கிய கதையும் நன்றாக இருக்கும். 1967-ல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஜார்ஜ் வில்சனும் பேரி கில்பர்ட்டும் பந்தயம் போட்டுக்கொண்டார்கள்: மூன்றே டிரான்சிஸ்டரில் மேலான ஒரு கரண்ட் மிரர், விடிவதற்குள் யார் கொண்டு வருகிறார்கள் பார்க்கலாம் என்று. வில்சன் ஜெயித்தார். அந்தச் சர்க்யூட்டுக்கு இன்றும் வில்சன் மிரர் என்றே பெயர். தோற்ற கில்பர்ட் சும்மா ஆள் இல்லை, ரேடியோ சர்க்யூட்களில் எங்கும் இருக்கும் கில்பர்ட் செல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வைட்லர் ஒரு விசித்திரப் பிறவி. நிறுவனம் புல்வெட்டும் செலவைக் குறைத்தபோது ஓர் ஆட்டைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் மேயவிட்டவர். சந்தேகப்படும்படி நடந்துகொண்ட பாகத்தைச் சுத்தியலால் தூள் தூளாக்கிவிடுவாராம், மறுபடி எங்காவது கலந்து ஆளைக் குழப்பக்கூடாது என்று. (நான் அப்படிச் செய்வதில்லை, சந்தேக டிரான்சிஸ்டர்களுக்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன், அந்த டப்பாவிலிருந்தே எடுத்துப் போட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டதும் உண்டு.)

சரி, அளவுகோலுக்குத் திரும்புவோம். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். இது ஒரு குறை. ஒரே மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்றில் மற்றதைவிடப் பத்து மடங்கு கரண்ட்டை ஓட்டினால் அவற்றின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ்களுக்கு இடையே வரும் அந்த 60 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கிறதே, அது சூட்டோடு ஏறும், டிகிரிக்கு 0.2 மில்லிவோல்ட். இதுவும் ஒரு குறை. இறங்குவது பத்து மடங்கு வேகம், எனவே ஏறுவதைப் பத்தால் பெருக்கி இரண்டையும் கூட்டு. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது எவ்வளவு? பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 0.65-உம், 60 மில்லிவோல்ட்டின் பத்து மடங்கான 0.60-உம் சேர்ந்து 1.25 வோல்ட்.

இந்த எண் நம் கைக்கணக்கில் தற்செயலாக வந்தது இல்லை. சிலிக்கானில் எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கத் தேவைப்படும் ஆற்றல் இடைவெளியோடு ஒட்டிய எண் அது, அதனால்தான் பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்று பெயர். எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் சிலிக்கான் சிலிக்கான்தானே, அந்த எண் பெரிதாக மாறாது. டேவிட் ஹில்பைபர் 1964-லேயே இந்த யோசனையை வெளியிட்டார், ஆனால் அதை ஒரு சில்லுக்குள் அடக்கி எல்எம்109 என்ற மூன்று கால் 5 வோல்ட் ரெகுலேட்டராக 1970 வாக்கில் நம் கைக்குக் கொண்டுவந்தது வைட்லர். 1974-ல் பால் புரோக்கா இரண்டே டிரான்சிஸ்டரை நடுவில் வைத்து இன்னும் அழகான ஒரு வடிவம் கொடுத்தார், என் ரசனைக்கு அதுதான் மேல்.

அப்புறம் பாப் டாப்கின் வந்தார், 1976-ஐ ஒட்டி எல்எம்117, நமக்கெல்லாம் பழக்கமான எல்எம்317-இன் அண்ணன். இதில் கிரவுண்ட் காலே கிடையாது! அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அவை இரண்டுக்கும் நடுவில் 240 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து கீழே கிரவுண்டுக்கு 720 ஓம் போட்டால் 5 வோல்ட். ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அதன் வழியாகவே எல்இடிக்குக் கொடுத்தால் வோல்டேஜ் ரெகுலேட்டர் கரண்ட் ரெகுலேட்டராகிவிடும்: 62 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர், வரிசையில் மூன்று எல்இடி இருந்தாலும் அதே 20, நான்கு இருந்தாலும் அதே 20, இன்புட்டில் வோல்டேஜ் மிச்சம் இருக்கும்வரை. என் வெள்ளை எல்இடிகள் செத்துப்போன அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால்!

கிரவுண்ட் கால் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. ஐசி பிழைத்திருக்கத் தேவையான கரண்ட்டும் அவுட்புட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் புத்திசாலித்தனமாக கரண்ட்டை மிச்சம் பிடிப்பதாக நினைத்து 240-க்குப் பதில் 2.4 கிலோ, 720-க்குப் பதில் 7.2 கிலோ போட்டேன், விகிதம் ஒன்றுதானே என்று. லோடு மாட்டாமல் அளந்தால் 5-க்குப் பதில் 7-ஐத் தாண்டி நின்றது. ஐசி போலி என்று திட்டினேன். அரை மில்லி ஆம்பியர் போக மட்டும் வழி விட்டுவிட்டு, சில மில்லி ஆம்பியர் வெளியேறியே ஆக வேண்டிய ஐசியைத் திட்டி என்ன பயன்? 240 ஓம் என்பது யாரோ வாய்க்கு வந்ததை எழுதியது இல்லை, 1.25-ஐ 240-ஆல் வகுத்துப் பாருங்கள், 5 மில்லி ஆம்பியர் வரும்.

ஸ்விட்ச்சிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள். மூன்றரை வாட்டைச் சூடாக வீணாக்காமல், டிரான்சிஸ்டரை முழுசாகத் திறந்து முழுசாக மூடி, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை, காயிலில் சேமித்து எடுத்துக்கொள்வது. 1977-ல் ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் செய்த பவர் சப்ளை இந்த வகைதான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த மாதிரி கன்ட்ரோலர் ஐசி டேட்டாஷீட்களைப் புரட்டினால் பலவற்றில் ஃபீட்பேக் காலுக்குப் பக்கத்தில் 1.2 பக்கம் ஓர் எண்ணோ, அதிலிருந்து பெருக்கி எடுத்த 2.5-ஓ உட்கார்ந்திருக்கும்.

விரல் ஆறும்வரை சோல்டர் பிடிக்க முடியாததால், இந்த 1.25-ஐ நானே வரவழைத்துப் பார்க்கலாம் என்று பிரெட்போர்டில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக் கட்டினேன். வெறும் டையோடை வைக்காதீர்கள், சாதாரண 4148-ல் 60 வராது, நூறைத் தாண்டிவிடும். 1 மில்லி ஆம்பியரில் 0.652. ரெசிஸ்டரை மாற்றி 0.1 மில்லியில் 0.592. வித்தியாசம் 60 மில்லிவோல்ட், கத்தியால் வெட்டியது மாதிரி. 0.652-ஓடு 60-இன் பத்து மடங்கைக் கூட்டினேன், 1.252. நல்ல இரண்டு விரல்களால் டிரான்சிஸ்டரைப் பிடித்தேன், 1 மில்லியில் 0.640-க்கு இறங்கியது.

பிறகு முடி உலர்த்தும் டிரையரை எடுத்து, பக்கத்தில் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிளை ஒட்டி, 67 டிகிரி வரை ஏற்றினேன். 0.571, 0.504. தனியாகப் பார்த்தால் 80 மில்லிவோல்ட் சரிந்திருக்கிறது. வித்தியாசம் மட்டும் 67-ஆக வளர்ந்திருந்தது, பத்தால் பெருக்கிக் கூட்டினால் 1.241. பதினொரு மில்லிவோல்ட் குறைகிறது, ஆனால் என் மீட்டரில் ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே பத்தாகப் பெருகிவிடும், அதனால் கோபப்படவில்லை. டிரையரை அணைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஓர் எல்எம்317-ஐ எடுத்து மாட்டி அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். 1.248.

ஹீட் சிங்க் வாங்க வேண்டும், இரண்டாக.