36 அடித் தெருவும் நகராத ஒரு காரும்

எங்கள் தெருவை முழுசாகத் தோண்டிப் புதிதாகப் போடப் போகிறார்கள். அடியில் கழிவுநீர்க் குழாயை மாற்றியாக வேண்டும், அதனால் ஓரக்கல், வடிகால், நடைபாதை எல்லாமே எப்படியும் பெயரும். அந்தச் சாக்கில் தெரு எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இப்போது ஓரக்கல்லுக்கு ஓரக்கல் 36 அடி. பொறியாளர் கொண்டுவந்த வரைபடத்தில் 26. கூட்டம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம், "அப்போ என் காரை எங்க சார் நிறுத்துறது?" என்று ஒருவர் கேட்டார், அப்புறம் ஒன்றரை மணி நேரம் வேறு பேச்சே இல்லை. வரைபடத்தில் இரண்டு பக்கமும் பார்க்கிங் அப்படியேதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

ஆமாம், நானும் முதலில் 36 கட்சி. இருக்கிற ரோட்டை யாராவது குறுக்குவார்களா என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகு ஆட்டம் கண்டது. ஒரு கார் கிட்டத்தட்ட 6 அடி அகலம், நிறுத்த 7 அடி வேண்டும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் 14 போக, நடுவே 22 அடி மிஞ்சுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு கார் பிரேக்கைத் தொடாமல் கடக்கிற அகலம் அது. பகலில் பாதி வண்டிகள் வேலைக்குப் போய்விட்டால் பல இடங்களில் முழு 36 அடியும் மைதானம் மாதிரி கிடக்கும், அதில் பைக்கை முறுக்காமல் போகிறவனைத்தான் அதிசயமாகப் பார்க்க வேண்டும். வேகத்தடை கேட்டுப் போன வருஷம் மனுக் கொடுத்தவர்களும் நாங்கள்தான், அகலத்தைக் குறைக்காதே என்று இப்போது கிளம்பியிருப்பவர்களும் நாங்கள்தான்.

26 அடி என்றால் நடுவில் 12. ஒரு கார் போகும், எதிரே வருவது ஏதாவது ஒரு கேட் முன்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 1991-இலேயே குடியிருப்புத் தெருக்களுக்கு இருபக்க பார்க்கிங்குடன் 26 அடி, ஒருபக்கம் மட்டும் என்றால் 20 அடி போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டது. கடக்கிறவர்களுக்கும் லாபம். நொடிக்கு மூன்றடி நடக்கும் வயதானவருக்கு 36 அடி கடக்க 12 நொடி. தெருமுனையில் மட்டும் ஓரக்கல்லை இன்னும் உள்ளே தள்ளிக் கட்டி 20 அடியாக்கினால் ஏழு நொடிக்குள் அந்தப் பக்கம்.

தீயணைப்பு வண்டி விஷயம்தான் கொஞ்சம் இடித்தது. வண்டியின் உடம்பு எட்டரை அடிக்குள்தான், 12-இல் நுழைந்துவிடும். ஆனால் ஏணி வண்டி இரண்டு பக்கமும் கால் விரித்து ஊன்ற வேண்டுமே, அதற்கு 12 பற்றாது. அமெரிக்கத் தீயணைப்பு விதிகளும் 20 அடி தடையில்லாமல் கேட்கின்றன. பொறியாளர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது: தெரு நடுவில் ஒரு 50 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தக் கூடாது. போவது நான்கைந்து கார் இடம். அதைவிட, முனையில் இருபது அடிக்குள் யாரும் நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியமாம், ஏனென்றால் பெரிய வண்டி நேரே போகும்போது மாட்டிக்கொள்வதில்லை, திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறது.

சரி, எத்தனை கார்தான் இருக்கிறது என்று ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு எண்ணிப் பார்த்தேன். 27. தெரு 700 அடி நீளம், கேட் எல்லாம் கழித்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 40-க்கு மேல் தாராளமாக நிற்கும். ஒருபக்கம் மட்டும் விட்டால்தான் ஐந்தாறு குறையும். அதற்கும் வீடுகளுக்கு உள்ளே இடம் இருக்கிறது, என்ன, அங்கே பழைய பீரோவும் உடைந்த சைக்கிளும் குடியிருக்கின்றன. (என் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின்.) ஜப்பானின் பெரிய நகரங்களில் 1962 முதலே காரைப் பதிவு செய்ய, நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அதை இங்கே எழுந்து சொன்னால் என்னை உதைப்பார்கள்.

ஓரக்கல்லை ஒருமுறை வைத்துவிட்டால் அடுத்த தோண்டல் வரைக்கும் அதுதான், அதனால் முதலில் ஒரு வாரம் ஒத்திகை பார்க்கலாம் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ஐந்தடி உள்ளே டிரம் வைத்து, கயிறு கட்டி, அதுதான் ஓரக்கல் என்று நினைத்து நிறுத்தச் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் ஒரே ஹாரன். இரண்டாம் நாள் என் காரின் பக்கக் கண்ணாடியை யாரோ தட்டிவிட்டுப் போனார்கள், வலித்தது. நான்காம் நாளிலிருந்து எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒருமுறை சிமிட்டிவிட்டுக் கேட் முன்னால் ஒதுங்கினார். வேகத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை, ஆனால் பைக்குகளின் சத்தம் குறைந்திருந்தது.

மறந்துவிட்டேனே, அந்த 27-இல் ஒன்று, டயர் இறங்கி, வைப்பருக்குக் கீழே சருகு மக்கி, சக்கரத்தை ஒட்டிப் புல் முளைத்து நின்ற சாம்பல் நிறக் கார். யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். டிரம் இறக்குவதற்கு முந்தின ராத்திரி வரை அங்கேதான் இருந்தது. காலையில் காணோம், சருகுக்கு நடுவே சுத்தமான ஒரு செவ்வகம் மட்டும்.