பெயருக்குக் கீழே செக்குபந்தி

மதுரை மாநகராட்சியின் பூங்காப் பணிகளை மேற்பார்வையிட்ட ஆண்டுகளை நினைக்கும்போது, ராஜாஜி சிறுவர் பூங்கா போன்ற பெரிய இடங்களைவிட, குடியிருப்புப் பகுதி ஒன்றில் ஏழெட்டு சென்ட் அளவே இருந்த பூங்காதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தெருவிளக்குக்கும் சாக்கடை வசதிக்கும் வாழ்நாள் முழுவதும் மனு எழுதிய ஒரு பெரியவரின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடி 1997 ஏப்ரல் 23 அன்று கொல்லப்பட்ட மாமன்ற உறுப்பினர் லீலாவதியைப் போல அவர் ஊரறிந்தவர் அல்லர். ஆனால் அந்த நாலு தெருவில் அவரை அறியாத வீடு கிடையாது.

பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுக்கிய நிலம் வெறுமனே கிடந்தால் முதலில் கட்டட இடிபாடு வந்து விழும். பிறகு யாரோ ஜல்லி கொட்டுவார்கள். அதன்பின் ஒரு தகரக் கொட்டகை எழும்பும். இங்கும் கொட்டகை வரை வந்துவிட்டது. அது பொது இடம் என்று காட்டி, கொட்டகையை அகற்றவைத்த மனைப்பிரிவு வரைபட நகலைப் பெரியவரின் மகள் எனக்குக் காட்டினார். மடிப்புகள் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டப்பட்டிருந்த அந்தத் தாளில், சர்வே எண்ணைச் சுற்றிப் பெரியவர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

பூங்கா அமைக்கும்போது புல்தரையும் நீரூற்றும் வேண்டுமென்றே பலரும் கேட்டார்கள். மதுரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். பங்குனி பிறந்தால் ஆழ்துளைக் கிணறே திணறும் இடத்தில் புல்தரையைக் காப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. எனவே வேம்பு, புங்கம், மகிழம் நட்டோம். தோட்டப் பணியாளர் ஒவ்வொரு கன்றையும் சுற்றி அகலமாகப் பாத்தி கட்டி, தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் பரப்பி, வெயில் தாழ்ந்த பிறகே தண்ணீர் விட்டார். எதிர்வீட்டுப் பெண்கள் அரிசி களைந்த நீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். நடைபாதைக்கும் இருக்கைகளுக்கும் நான் செலவிட்ட கவனம் இதில் பாதிகூட இல்லை.

திறப்பு விழாவுக்கு முன் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். பலகையில் பெரியவரின் பெயரோடு சர்வே எண்ணும் பரப்பளவும் நான்கு பக்கமும் எது எல்லை என்று சொல்லும் செக்குபந்தியும் இடம்பெற வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். அவர் கையில் வைத்திருந்த தாள் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதே காரணம். மறுபடி வண்ணம் பூசும்போது அந்த வரிகள் விடுபட்டுவிடாதிருக்க, பராமரிப்பு மதிப்பீட்டிலும் அதைத் தனி இனமாகச் சேர்த்துவிட்டோம்.