தொடை எரிச்சலும் ஒரு நைலான் கயிறும்

போன மழைக்காலத்தில் என் வலது தொடை எரிய ஆரம்பித்தது. மேல்பகுதியில், வெளிப்பக்கமாக, இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவு இடம். கிள்ளினால் மரத்துக் கிடக்கும், அதே இடத்தில் பாவாடை உரசினால் சுருக்கென்று தீப்பிடிக்கும். ஒரே தோலில் இரண்டும் எப்படி என்று எனக்கே புரியவில்லை.

கோத்தகிரிப் பக்கம் கால் வலித்தால் முதல் குற்றவாளி குளிர்தான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பனி உள்ளே ஏறிடுச்சு, தைலம் போட்டு நல்லா தேய்" என்றார். ஏற்கெனவே எரிகிற இடத்தில் தைலம். அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டாம்.

அப்புறம் ஒரு கிளினிக், முதுகுக்கு ஒரு எம்ஆர்ஐ. கீழ்முதுகில் ஒரு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, லேசாகப் பிதுங்கியிருந்தது, அவ்வளவுதான், சயாட்டிகா (முதுகில் நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் வலி) என்று முடிவாகி இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு ஸ்கேன் எடுத்தால் இந்தப் பிதுக்கம் தெரியும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெல்ட் போட்ட இரண்டு மாதமும் எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு மருத்துவர். ஸ்கேனைத் தொடவே இல்லை, கையில் பேனாவைக் கொடுத்து, மரத்த இடத்தைச் சுற்றி நீங்களே கோடு போடுங்கள் என்றார். கோடு முழங்காலைத் தாண்டவில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளியது, பலமும் சரியாக இருந்தது. அடுத்த கேள்வி: "இடுப்புல என்னம்மா கட்டுவீங்க?"

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலை பறிக்கப் போனால் ஈரச்செடி துணியை நனைக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் நைலான் கயிறு. ஷீட் நழுவாமல் இருக்க இடுப்பெலும்பின் முன்முனையில் கயிற்றை இறுக்கிக் கட்டுவேன். அதற்கு அடியில் உள்பாவாடை நாடா வேறு.

தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு மட்டும் போகிற ஒரு மெல்லிய நரம்பு அந்த முனைக்குப் பக்கத்தில்தான், அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் இருக்கும் நார்ப்பட்டைக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறதாம். அங்கே நசுங்கினால் தொடை எரியும், மரக்கும். தசைக்கு அதில் வேலையே இல்லாததால் கால் பலம் குறையாது. பெயர் மெரால்ஜியா பாரஸ்தெடிகா. சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே இது இருந்து, 1895-இல் தன் தொடையைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். இறுக்கமான பெல்ட், தொப்பை, கர்ப்பம், சர்க்கரை நோய் எல்லாமே காரணமாகலாம்.

சயாட்டிக் நரம்பு வேறு. விரல் தடிமனுக்கு இருக்கும், பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கிப் பாதம் வரைக்கும் போகிறது. தொடையின் முன்பக்கத்துக்குத் தனி நரம்பு, அது கெட்டால் படி இறங்கும்போது முழங்கால் சட்டென்று மடங்கிவிடும், எங்கள் ஊர் இறக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்தொடைக்கு இன்னொன்று. ஆக, எங்கே மரக்கிறது, எந்த அசைவு வரவில்லை என்று சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. நாம்தான் "கால் முழுக்க வலி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

என் சித்தப்பா மகனுக்கு நடந்தது இதைவிடப் பெரிது. கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவியது. அந்த மூட்டுக்குப் பின்னாலேயே சயாட்டிக் நரம்பு போவதால் அதுவும் அடிபட்டது. மூட்டைப் பொருத்திவிட்டார்கள், பாதம் மட்டும் மேலே தூக்க வரவில்லை, செருப்பு கழன்று விழுவதே அவனுக்குத் தெரியாது. நரம்புக்குச் சும்மா அதிர்ச்சி மட்டும் என்றால் சில வாரத்தில், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்தில் திரும்பிவிடும். உள்ளிழை அறுந்திருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். பிட்டத்திலிருந்து பாதத்தைத் தூக்கும் தசைக்கு அரை மீட்டர் என்று வைத்தால் 500 நாள். அதுவரை கரண்ட் இல்லாத தசை சும்மா காத்திருக்காது, வற்றிக்கொண்டே போகும். அதனால்தான் பிசியோதெரபியை விடாதே என்று அவனைத் திட்டுகிறேன். நரம்பு டெஸ்டை விபத்து நடந்த உடனே எடுக்காமல் மூன்று வாரம் தள்ளி எடுத்ததற்கு வீட்டில் எல்லோரும் சண்டை போட்டோம். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி கெட்டு முடிய அவ்வளவு நாள் ஆகுமாம், அதற்கு முன்னால் எடுத்தால் பாதிப்பு சரியாகத் தெரியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: காலோடு சேர்ந்து உட்காரும் இடமும் மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெல்ட் போச்சு, கயிறு போச்சு, ராத்திரிக்கு ஒரு மாத்திரை. இப்போது பழைய சேலையை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து, இடுப்பெலும்புக்கு மேலே, தளர்வாகக் கட்டுகிறேன். ஷீட் நழுவத்தான் செய்கிறது, பத்துச் செடிக்கு ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். எரிச்சல் முக்கால்வாசி போய்விட்டது. அக்காவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் சொன்னேனே, தைலம் கேட்கும்னு" என்கிறார்.