சேடை ஓட்டிய வண்டிக்குள் தண்ணீர்

ஐப்பசி நடவு முடிந்ததும் பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் பக்கத்தில், சேடை ஓட்ட, அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கி உழ, டிராக்டரில் மாட்டிய இரும்புக் கேஜ் வீலைக் கழற்றி வேலியோரம் சாய்த்துவிடுவார்கள். தை அறுப்பு வரை பழைய வண்டிக்குப் பெரிய வேலை இருக்காது. நல்ல நிலையில் இருக்கிற வண்டி டிரெய்லர் மாட்டிக்கொண்டு திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு ஏற்றப் போகும். முப்பது வருஷம் ஓடிய மாஸி ஃபெர்கூசனோ மகிந்திரா பி-275ஓ கொட்டகைக்கு வரும். கார்த்திகையும் மார்கழியும் தமிழ்நாடு-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கத்திலும் பழைய வண்டி பிரிக்கிற மாதங்கள்.

வண்டி வந்து நின்றவுடன் பானெட்டைத் திறந்து, "இஞ்சின் வேலை வைக்கணுமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சேடை ஓட்டிவிட்டு வந்த வண்டிக்கு அது தப்பான இடம். பின்பக்கம் போய், கியரும் பின் அச்சும் அடங்கிய கூடான ஹவுசிங்கின் அடியில் உட்காருங்கள். இரண்டு மாதம் அச்சு முட்டச் சேற்றில் நின்ற வண்டியில் முதலில் தேட வேண்டியது தண்ணீரை.

வண்டியைச் சமதரையில் இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். பிறகு டிரெய்ன் பிளக்கை முழுதும் கழற்றாமல், நாலு மரை மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். சொட்டுவது நிற்காமல் ஊற்றாக வந்தால், ஒரு கேனில் பிடித்து அளந்து வையுங்கள். அரை லிட்டர் வருவதற்கும் நாலு லிட்டர் வருவதற்கும் காரணம் வேறு. தண்ணீர் தனியாக வராமல் எண்ணெயே மோர் மாதிரி வெளுத்து வந்தால் இரண்டும் கலந்துவிட்டது. இனி எத்தனை நாள் வைத்தாலும் பிரியாது.

நிறம் சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய தோசைக்கல் போதும். கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டே சொட்டு எண்ணெய் விடுங்கள். நல்ல எண்ணெய் சும்மா பரவி லேசாகப் புகையும். தண்ணீர் கலந்தது கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும். சத்தம் வந்தால் அந்த எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊற்றலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

மாஸி 35 வம்சத்து வண்டிகளில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான், சுமார் 30 லிட்டர். ஹைட்ராலிக் பம்ப்பே அந்த எண்ணெய்க்குள் மூழ்கி நிற்கிறது. அதனால் பல்சக்கரத்துக்குப் போன தண்ணீர் பம்ப் வால்வுக்கும் போயிருக்கும். "லிஃப்ட் நடுங்குது, கலப்பை மெதுவா இறங்குது" என்று வருகிற புகாரில் பாதிக்கு ஆரம்பம் இங்கேதான்.

சரி, தண்ணீர் எப்படிப் போனது? கேட்டால் "சீல் போச்சு" என்பார்கள். அது பாதி பதில். உழும்போது ஹவுசிங் சூடாகி, உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியைச் சேற்றிலேயே நிறுத்துகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் ஹவுசிங் சட்டென்று ஆறுகிறது, உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளத்தான் மேலே பிரீதர் என்ற மூச்சுத் துவாரம் வைத்திருக்கிறான். அது சேறு காய்ந்து அடைத்துக் கிடந்தால், எந்த வழி பலவீனமோ அந்த வழியாக உறிஞ்சும். அச்சுச் சீல், பி.டி.ஓ. (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல், லிஃப்ட் ஷாஃப்ட் ஓ-ரிங், கியர் லிவர் ரப்பர் எல்லாமே தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மத்தியானமும் ஒரு மடக்கு. மறுபடி சூடானதும் அதே அடைப்பு எண்ணெயை வெளியே தள்ளும்; அது அச்சு வழியாக வந்து பிரேக்கை நனைக்கும். வருஷா வருஷம் சீல் மாற்றியும் பிரேக்கில் எண்ணெய் வருகிறதென்றால், யாரும் பிரீதரைத் தொடவில்லை என்று அர்த்தம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பார்த்தால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் புதுச் சீலுக்குக் காசு கொடுப்பது வீண்.

சீல் மாற்றும்போது பழையதை எடுத்தவுடன் ஷாஃப்டை விரல் நகத்தால் குறுக்கே தடவுங்கள். சீல் உதடு ஓடின இடத்தில் நகம் சிக்கினால் அங்கே கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே புதுச் சீல் உட்கார்ந்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது. இடம் இருந்தால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். இல்லையென்றால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், லேத் பட்டறையில் செய்து கொடுப்பார்கள். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் சுற்றிலேயே காய்ந்து கருகும். சுத்தியலால் ஓரத்தில் தட்டாதீர்கள். சீலின் வெளிவட்டத்துக்குச் சரியான ஒரு பைப் துண்டை வைத்து நேராக இறக்குங்கள். அச்சு ஹவுசிங்கைக் கழற்றும்போது வருகிற ஷிம்களை (இடைவெளி சரிசெய்கிற மெல்லிய தகடுகளை) எந்தப் பக்கத்தினது என்று கம்பியில் கோர்த்து, சீட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். அது கலந்துபோனால் பேரிங் இறுக்கமும் போய்விடும்.

டிரம் பிரேக் உள்ள பழைய வண்டியில் எண்ணெய் குடித்த லைனிங்கை அடுப்பில் சுட்டு மாட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும். நாலு தடவை பிரேக் பிடித்து டிரம் சூடானால் உள்ளே இருக்கிற எண்ணெய் திரும்ப மேலே வரும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். லோடு டிரெய்லரோடு ஒரு பக்கம் பிடிக்கிற வண்டி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. புது லைனிங் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரெஸர் வைத்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எண்ணெய் வடித்த பிறகு உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வண்டியை ஓட்டிக் கழுவுவதும் இந்தப் பக்கத்துப் பழக்கம்தான். பம்ப்புக்கு வழவழப்பே இல்லாமல் போகும், வேண்டாம். விலை குறைந்த ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி, லோடு இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூட்டோடு வடியுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில். கியர் சத்தத்தை அமுக்க 140 நம்பர் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சத்தம் குறையும், வாஸ்தவம். மார்கழிக் காலையில் அந்தத் தேன்பாகைப் பம்ப்பால் உறிஞ்ச முடியாமல் லிஃப்ட் எழும்பாது.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் பல வண்டிகளில் ஒரு ஓட்டையும் அதில் லொடலொடவென்று ஆடுகிற ஒரு ஸ்பிலிட் பின்னும் இருக்கும். ஓட்டை அடையாமலிருக்க வைத்தது. சேறு ஏறி அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். என்ன வருகிறதென்று பாருங்கள். கறுப்பாக மெல்லிய எண்ணெய் வந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். கெட்டியாக, கந்தக வாடையோடு வந்தால் கியர் பாக்ஸ் முன் சீல். வெறும் தண்ணீர் என்றால் சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் பம்ப்பை அங்கே காட்டியிருக்கிறான். ஈரத்தோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் போடும்போதே பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

சீலோ கிளட்சோ மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு வேலையை மறந்துவிடக் கூடாது. முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. பின்பாதி சேர்ந்திருக்கும் வரைதான் இஞ்சின் நிமிர்ந்து நிற்கும். போல்ட்டைக் கழற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால் அச்சுக்கும் அதைத் தாங்குகிற வார்ப்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் கெட்டி மர ஆப்பை அடித்து இறுக்கிய பிறகுதான் முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பின்பாதிக்கு இரும்பு ஸ்டாண்டு. செங்கல் அடுக்கி நிறுத்துகிற பட்டறையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். திரும்பச் சேர்க்கும்போது கிளட்ச் பிளேட்டை நடுவாக்க, அதே பல் உள்ள பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்று போதும். சேரவில்லை என்று போல்ட்டை இறுக்கி இழுக்கக் கூடாது. ஃபிளைவீலைக் கொஞ்சம் திருப்பினால் பல் தானாகப் புகும். இழுத்தால் பிளேட்டின் நடுவட்டம் வளைந்து, கியர் விழாமல் அடம்பிடிக்கும்.

அடுத்தது டீசல். மழைக்காலத்தில் அரை டாங்க் டீசலோடு நின்றால் மீதிப் பாதியில் காற்று. ராத்திரி ஈரம் தகட்டில் வியர்த்து அடியில் இறங்கும். நிறுத்தும்போது டாங்கை நிரப்பி நிறுத்த வேண்டும். டீசல் பாதையில் கசடு தங்குகிற கிண்ணமான செடிமென்ட் பௌலில் பாதரச மணி மாதிரி உருளுவது தண்ணீர். கறுப்புக் கொழகொழப்பு இருந்தால் டாங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்: உள்ளே ஒரு முழம் சங்கிலியும் இரண்டு லிட்டர் டீசலும் போட்டு உருட்டி, வெளியே வருவது தெளியும் வரை திரும்பத் திரும்ப.

டீசல் பைப்பில் ஏர் பிடிக்கிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். ஃபீட் பம்ப்புக்கு முந்தின பக்கம் உள்ளே உறிஞ்சுகிற இடம். அங்கே நுரை எப்படி வரும்? பம்ப்புக்கு முன் ஒரு சாண், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி ஓடவிட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். குற்றவாளி பெரும்பாலும் டீசல் பைப்பை இணைக்கிற பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர். அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெத்தென்றாகி மறுபடி உதவும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற நாஸல் அடியில் போடுகிற வாஷருக்கு அந்தச் சிக்கனம் ஆகாது, புதிதுதான். பழைய வாஷர் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டால் நாஸல் மூக்கு உயர்ந்து, டீசல் சரியாகச் சிதறாமல் புகை கக்கும்.

ஏர் எடுக்கிற வரிசை: ரோட்டரி பம்ப் வண்டியில் ஃபில்டர் மேல் திருகு, பம்ப்பின் பக்கத் திருகு, அதற்கு மேலே கவர்னர் மூடித் திருகு, கடைசியாக நாஸல் நட்டுகள். பம்ப்பின் உள்ளே கை வைக்கிற வேலை வீட்டில் வேண்டாம், டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடைக்குத்தான். நாஸலைச் சோதிக்கிறபோது பீச்சுகிற டீசலுக்கு முன்னால் விரலைக் காட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் இஞ்சின். வால்வு இடைவெளி பார்க்காமல் ஹெட்டைத் திறக்காதீர்கள். பெர்க்கின்ஸ் 3.152 வழி வந்த மூன்று சிலிண்டர் இஞ்சினில், ஆறின நிலையில் 0.30 மில்லிமீட்டர், அதாவது 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு). வெடிக்கிற வரிசை 1-2-3. பி-275 நாலு சிலிண்டர், வரிசை 1-3-4-2. நன்றாகச் சூடான இஞ்சினில் பிரீதர் வாயில் புகை மூச்சுமூச்சாக வருகிறதா, கம்ப்ரெஷன் எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிஸ்டன் ரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். தேய்ந்த இஞ்சினில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வால்வையும் ஹெட் கேஸ்கட்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டரைத் திறந்தால் பாதி வண்டிகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. "சூடாகுது" என்று யாரோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். உண்மையில் சூடானதற்குக் காரணம் போர்த் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்த குழாய்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் லேசான வேலையில் சூடே ஏறாமல் ஓடும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவும், ரிங் தேயும். பழையது நல்லதா என்று தெரிய, நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். சுமார் 80 டிகிரியில் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கூலன்டோடு கலக்கச் சுத்திகரித்த தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ போதும்.

பெயிண்டை மார்கழியில் அடிக்காதீர்கள். பனி இறங்குகிற சாயங்காலத்தில் அடித்த சிவப்பு காலையில் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும். எப்படியும் அடித்தே ஆக வேண்டுமென்றால் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள். அதற்கு முன்னால் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டு கிரீஸை எடுத்துவிட்டுத்தான் உப்புத்தாள். கிரீஸோடு தேய்த்தால் அதைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டரோ பட்டியோ படக் கூடாது. வேலைக்கு முன்பே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆந்திரப் பதிவு வண்டியை இந்தப் பக்கம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்: 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு வண்டியைப் பதிவு செய்த ஆந்திர ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், அந்த இடத்தில் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் டீசலை நிறுத்துகிற ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்து செகண்டாக, எண்ணெய் அழுத்த முள் எழும்பும் வரை சுற்றவிட்டுப் பிறகு உசுப்புங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் வண்டியை ஒரு ராத்திரி ஆறவிட்டு, டிரெய்ன் பிளக்கிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அதே தோசைக்கல்லில் விட்டுப் பாருங்கள். பொரிந்தால் ஏதோ ஒரு சீல் இன்னும் பாக்கி.